வெள்ளை நத்தை தப்பியது எப்படி?

அன்புள்ள ஐயா,

பசிபிக் பெருங்கடலிலுள்ள தாஹிதித் தீவின் மரநத்தைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சந்தேகம். மற்ற நத்தைகளைத் தின்னும் ஓநாய் நத்தை வந்து பல இனங்கள் அழிந்தபோதும் பார்ட்டுலா ஹயலினா என்ற மரநத்தை தப்பியது என்கிறீர்கள். அதன் ஓடோ வெள்ளை. பச்சை இலையில் பளிச்சென்று தெரிவதல்லவா முதலில் மாட்டியிருக்க வேண்டும்?

சுபா

அன்புள்ள சுபா,

பறவை போலக் கண்ணால் தேடும் எதிரியாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கும். ஓநாய் நத்தை அப்படியல்ல. இரை ஊர்ந்துபோன சளித்தடத்தை, வாயோரம் மீசைபோல நீண்ட உதடுகளால் தொட்டுத் தொட்டுப் பின்தொடரும். சின்ன நத்தையென்றால் ஓட்டோடு விழுங்கிவிடும். நிறம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பயிரைத் தின்ற ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1974-இல் ஓநாய் நத்தையைத் தாஹிதியில் கொண்டுவந்து விட்டார்கள். அது மரநத்தைகள் பக்கம் திரும்பியது. பக்கத்துத் தீவான மூரியாவில் 1977-இல் விட்டார்கள்; பத்தே ஆண்டுகளில் அங்கே காட்டில் பார்ட்டுலா வகை மரநத்தை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குட்டி போடும் உயிர்கள் எப்படி ஈடுகொடுக்கும்? நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

வெள்ளை ஓடு உதவியது வேறு விதத்தில். அது வெயிலைத் திருப்பி அனுப்பும். அதனால் ஹயலினா வெளிச்சம் விழும் காட்டோரங்களிலும் இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இதை அளந்தே பார்த்தார்கள். 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டிக் கணினிகளை ஓநாய் நத்தைகளின் ஓட்டிலேயே ஒட்டினார்கள். ஹயலினா பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் அதைத் தொடாமல், அது உறங்கும் இலைகளில் பொருத்தினார்கள். கணினியின் சூரிய மின்கலம் எத்தனை வேகமாக மின்னேறுகிறதோ அதுவே வெளிச்சத்தின் அளவு. 2021-இல் முடிவு வெளிவந்தது: ஓநாய் நத்தை இருக்கும் இடத்தைவிட ஹயலினா இருக்கும் இடத்தில் சராசரியாகப் பத்து மடங்கு வெயில். அந்த வெயிலில் ஓநாய் நத்தையால் தாக்குப்பிடிக்க முடியாது.

தப்பியது என்று நான் எழுதியதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் ஹயலினா இன்றும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். ஓநாய் நத்தையும் காட்டின் நிழலில் அப்படியே இருக்கிறது. பாதுகாப்பு என்றதும் எல்லோரும் அடர்ந்த நடுக்காட்டைத்தான் நினைக்கிறார்கள். வெயில் படும் அந்த ஓரச் செடிகளையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.