அரசு அலுவலக நேர்காணலுக்குப் போய்வந்து மூன்று மாதமாகிறது, எந்தத் தகவலும் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? என்ன செய்தீர்கள்?

நடந்தது. உங்களைப் போலவே நானும் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது கடைசியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

2017-ல் மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்தில் கணினி இயக்குபவர் வேலைக்கு விண்ணப்பித்தேன். தொகுப்பூதியம்தான், நிரந்தரமில்லை. இருந்தாலும் எங்கள் வீட்டு நிலைமைக்கு அது பெரிய விஷயம். நாளிதழில் சின்னக் கட்டமாக வந்த அறிவிப்பில், ஆறு இடங்கள், 'கல்வித் தகுதி மற்றும் நேர்காணல் அடிப்படையில் தேர்வு செய்யப்படுவர், ஆதரவற்ற விதவைகளுக்கு முன்னுரிமை' என்று இருந்தது. அவ்வளவுதான். படிப்புக்கு எத்தனை மதிப்பெண், நேர்காணலுக்கு எத்தனை, தட்டச்சுச் சோதனை உண்டா, ஒன்றும் இல்லை. அழைப்புக் கடிதத்தில் காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஊரிலிருந்து 5.40 பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வளாகத்தில் ஏற்கெனவே முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அதே 9 மணிதான் போட்டிருந்தது. உட்கார இரண்டு பெஞ்சு. ஒரு வேப்பமரம், அதன் நிழலுக்கு அடிதடி. 11 மணிக்குத்தான் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையே வந்தது.

என் முறை வந்ததும் மேசையில் இருந்தவர் நகல்களைப் புரட்டிவிட்டு, "கெசட்டட் ஆபீசர் கையெழுத்து எங்கேம்மா?" என்றார்.

"லெட்டர்ல நாமளே கையெழுத்துப் போட்டாப் போதும்னு இருக்கு சார்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். "அதெல்லாம் சரிம்மா, ஆனா கேப்பாங்க. வாங்கிட்டு வந்துருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னோடு இருபது பேராவது அப்படி ஓடினோம். பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் இல்லை. அரசு மருத்துவமனையில் ஒரு சித்த மருத்துவர், நோயாளிகளை வைத்துக்கொண்டே, முகம் சுளிக்காமல் எங்கள் எல்லோருக்கும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். திரும்பி வந்தால் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை.

எனக்கு முன்னால் நின்ற அக்காவை இன்றும் மறக்க முடியவில்லை. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் பாலிதீன் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். "ஆதரவற்ற விதவைச் சான்று எங்கே?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று தனியாக உண்டு, அதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அறிவிப்பில் 'முன்னுரிமை' என்று போட்டவர்கள், எந்தச் சான்று, யார் கொடுப்பது என்று போடவில்லை. "இறந்துட்டாருன்னு சர்ட்டிபிகேட் இருக்கே சார்" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். முன்னுரிமை இல்லாமல் பொதுவில் கலந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவர் நேர்காணலுக்கு நிற்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது மாலை 4 மணி தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் போனில். அறை மூலையில் ஒரு கணினி இருந்தது, துணி போட்டு மூடியிருந்தது. நான் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்தவள். அதைப் பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"எந்த ஊரும்மா?" சொன்னேன். "அப்பா என்ன பண்றாரு?" விவசாயம் என்றேன். "அந்தப் பக்கம் மழை உண்டா?" இல்லை என்றேன். "கல்யாணம் ஆயிருச்சா?" இல்லை. "சரி, போங்க. தகவல் வரும்."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் உங்களுக்கு நடப்பதேதான். ஒரு மாதம், இரண்டு மாதம். போன் செய்தால் "ஃபைல் மேல போயிருக்கு" என்பார்கள். நான்காவது மாதம், தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். "லிஸ்ட்டு இன்னும் முடியல, ஒண்ணரை லட்சம் குடுத்தா பாப்பா பேரை உள்ள சேத்துரலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா எதற்கும் கை நீட்டாத மனிதர். அவரே அன்று ராத்திரி அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று யோசித்தார். அம்மாதான் மறுத்துவிட்டார்.

நூலகத்தில் பழக்கமான ஓர் அண்ணன் சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 27-ஆம் நாள் ஒற்றைத் தாளில் பதில் வந்தது. படிப்புக்கு 75, நேர்காணலுக்கு 25 என்று பிரித்திருக்கிறார்கள். நேர்காணலில் எனக்கு 9. என் பிரிவில் கடைசியாகத் தேர்வானவருக்கு 21. அதைவிட என்னை உலுக்கியது பணி ஆணை வழங்கிய தேதி. நேர்காணல் முடிந்த மூன்றாவது வாரமே ஆறு பேருக்கும் ஆணை போய்விட்டது. தரகர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசிய நாளில், சேர்ப்பதற்கு அங்கே பட்டியலே இல்லை. தேர்வானவர்கள் பெயரை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாளில் ஒட்டியிருந்தால் அந்த ஆள் எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்க முடியாது. முடிவைச் சொல்லாமல் இருப்பதை வெறும் சோம்பல் என்று என்னால் விட முடியாததற்கு இதுதான் காரணம். எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும்?

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அஜய் ஹாசியா வழக்கு என்று ஒன்று. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிடம் பேசி, பெற்றோர் யார், ஊர் எது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. நேர்காணலுக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு. வேலைக்கான தேர்வில் அதே வரம்பை அப்படியே பொருத்த முடியாது என்று அடுத்த ஆண்டு வேறொரு தீர்ப்பு வந்தது. அது இருக்கட்டும். ஊர் எது, அப்பா யார், போய் வா என்பது நேர்காணல் ஆகாது என்று நான் பிறப்பதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. 2017-ல் என்னிடமும் அதையேதான் கேட்டார்கள்.

2018 பிப்ரவரியில் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 எழுதினேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்காணல் கிடையாது. தரவரிசை வந்தது, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, கையில் ஆணை. அப்பா என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று நான் ஓர் இளநிலை உதவியாளர்.

வேலைக்கு வந்த பிறகு அந்த மேசையின் மறுபக்கத்தையும் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் தற்காலிகப் பணிக்கு ஆள் எடுத்தபோது கோப்பு என்னிடம் வந்தது. நேர்காணலுக்கு முதல் நாள் மாலை, மதிப்பெண் படிவம் எங்கே என்று கேட்டேன். "காலையில அடிச்சுக்கலாம்மா" என்றார்கள். உண்மையாகவே அன்று காலை ஒன்பதே முக்காலுக்குத்தான், வெளியே ஆட்கள் நிற்கும்போது, படிப்புக்கு எவ்வளவு, அனுபவத்துக்கு எவ்வளவு, நேர்காணலுக்கு எவ்வளவு என்று முடிவாகி நான் தட்டச்சு செய்தேன். குழுவில் இருந்த மூன்று அதிகாரிகளில் ஒருவருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக் கூட்டம். அவர் போனதும் ஒன்றரை மணி நேரம் எல்லாம் நின்றுவிட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மூன்று பேரும் நாணயமானவர்கள், அதை நான் எங்கும் சொல்வேன். ஆனால் வெயிலில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே ஏதோ பேரம் நடக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். 2017-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி நேரத்தில் விதி வகுப்பது சாதாரணத் தவறில்லை. தேர்வு நடைமுறை தொடங்கிய பிறகு, விதிகளோ விளம்பரமோ அனுமதித்தால் ஒழிய, தகுதி வரையறைகளை இடையில் மாற்றக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. பெரிய தேர்வுகளில் இந்தக் குழப்பம் இல்லை. குடிமைப் பணித் தேர்வில் ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது நேர்காணலுக்கு, 2025-ல் 275 மதிப்பெண் என்று எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு 2016 ஜனவரியிலிருந்து கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. 2024 குரூப் 2 அறிவிக்கையிலும் நேர்முகத் தேர்வு இல்லை. தொகுப்பூதியப் பணி, தற்காலிகப் பணி, மாவட்ட அளவில் எடுக்கும் சின்னப் பணிகள், இவற்றில்தான் பிரச்சினை தங்கிவிட்டது. ஆனால் படிப்பும் வசதியும் குறைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் போய் நிற்பது அங்கேதான்.

அடுத்த முறை ஆள் எடுத்தபோது அறிவிப்பை நான்தான் வரைந்தேன். மதிப்பெண் பிரிவை அதிலேயே போட்டோம். அரை நாளுக்கு நாற்பது பேர் என்று நேரம் பிரித்து அழைத்தோம். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'ஆதரவற்ற விதவை முன்னுரிமை கோருவோர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் பெற்ற சான்றினை இணைக்க வேண்டும், இறப்புச் சான்று மட்டும் போதாது.' என் அதிகாரி அதைப் படித்துவிட்டு, இது எதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். வரியை அப்படியே விட்டுவிட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இனி போன் செய்து கேட்பதை நிறுத்துங்கள். போனில் சொன்னதற்கு எந்தப் பதிவும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'எனக்கு ஏன் வேலை தரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். படிப்பு, நேர்காணல் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய மதிப்பெண், அதை முடிவு செய்த தேதி, அதில் நீங்கள் பெற்றது, உங்கள் இனச்சுழற்சிப் பிரிவில் (இட ஒதுக்கீட்டில் நீங்கள் வரும் பிரிவு) கடைசியாகத் தேர்வானவர் பெற்றது, தேர்வுப் பட்டியலுக்கு ஒப்புதல் தந்த தேதி, பணி ஆணை வழங்கிய தேதி. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். நேர்காணல் குழுவில் இருந்தவர்களின் பெயரைக் கேட்க வேண்டாம். அதைத் தர வேண்டியதில்லை என்று 2012-லேயே தீர்ப்பு இருக்கிறது, உங்கள் மனு அந்த ஒரு வரியில் சிக்கிக்கொள்ளும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்கு நடுவில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள், எண் போட்டு ரசீது தருவார்கள். எனக்கு அப்போது இது தெரியாது.

மனுவை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "அப்புறம் வாங்க, சீல் வைக்கிறவர் சாப்பிடப் போயிருக்கார்" என்பார்கள். பரவாயில்லை, அவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. இதற்கிடையே யாராவது பணம் கேட்டு வீட்டுக்கு வந்தால், மனுவுக்குப் பதில் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.