பீனோ இதழ் இத்தனை ஆண்டுகள் நீடித்தது எப்படி?

பிரிட்டனின் சிறுவர் சித்திர இதழான ‘பீனோ’ 1938 முதல் இன்றுவரை வெளிவருவதற்கான காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டி. சி. தாம்சன் நிறுவனம் தொடங்கிய அவ்விதழ், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டினால் தன் மூத்த இதழான ‘டாண்டி’யுடன் வாரம் மாற்றி வாரம் வெளிவர நேர்ந்தபோதும் நின்றுவிடவில்லை. ஆயினும், அதன் நீண்ட ஆயுளுக்கு அடித்தளமிட்டவை 1950களே என்பது என் கருத்து. 1951இல் டென்னிஸ், 1953இல் மின்னி, 1954இல் பாஷ் தெரு வகுப்பறைப் பிள்ளைகள் என, பெரியவர்களுக்கு அடங்காத குறும்பர்கள் அடுத்தடுத்து வந்தனர். அவர்களுள் மின்னியையும் வகுப்பறைப் பிள்ளைகளையும் படைத்த லியோ பாக்ஸெண்டேல், ஒரே கட்டத்துக்குள் பல வேடிக்கைகளை நெருக்கமாக வரைந்ததால், ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும். முதல் அட்டையில் இடம்பெற்ற நெருப்புக்கோழியின் இடம் 1948இல் பிஃபோ என்னும் கரடிக்கும், 1974இல் டென்னிஸுக்கும் சென்றது. ‘டாண்டி’யின் அச்சிதழோ 2012இல் நின்றுபோனது.