மெக்கானிக் பதில்கள்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறு எண் வந்தது. உடனே முன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்க சார். ஆக்ஸிஜன் சென்சார் என்பது இன்ஜின் புகையில் இருக்கும் ஆக்ஸிஜனை அளப்பது. அந்த எண் சொல்வது சென்சாருக்குள் இருந்து அதைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டைப் பற்றி. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் சென்சார் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சைப் பூத்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் எலிதான் பாதி எலக்ட்ரீஷியனுக்குச் சோறு போடுகிறது!

நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுதான் பெரும்பாலும் ஹீட்டருக்கு. இன்ஜின் ஆறியதும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, சென்சார் பக்கம் அந்த இரண்டையும் தொடுங்கள். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. கோளாறு ஒயரிங்கிலோ சப்ளையிலோ இருக்கலாம். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

ஹீட்டர் சரியென்றால், இன்ஜின் நன்றாகச் சூடானபின் 2000 ஆர்பிஎம்மில் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார் அந்த நேரத்தில் காட்டும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வகை முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். எப்போதும் அடியிலேயே கிடந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள். இன்ஜினோடு மேனிஃபோல்ட் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைந்தாலும் அப்படித்தான் காட்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின் சென்சார் ஆடாமல் நின்றால் பயப்பட வேண்டாம், அதன் வேலையே அதுதான்.