கோப்பும் விருந்தாளியும்

அன்புள்ள ஐயா,

வருவாய்த்துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஆபீசில் ‘புட் அப்’ என்றால் ஒரே அர்த்தம்தான். கோப்பில் குறிப்பு எழுதி அதிகாரி மேஜைக்கு அனுப்புவது. அடுத்த மாதம் மனைவியோடு லண்டனுக்கு மகனைப் பார்க்கப் போகிறேன். எடின்பரோவில் இருக்கும் அவனுடைய நண்பர், எங்களை இரண்டு நாள் ‘புட் அப்’ செய்வதாக எழுதியிருக்கிறார். “யாரிடம்?” என்று கேட்டு மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் ஐயா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்கிறீர்களே, என்ன வாங்கினீர்கள், எதில் கட்டினீர்கள்? இப்படி ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் நமக்கு எவ்வளவு சிரிப்பு வருமோ, அவ்வளவுதான் உங்கள் மகனுக்கும் வந்திருக்கும்.

நண்பர் சொன்னது, தன் வீட்டில் தங்கவைக்கிறேன் என்று. இது உங்களுக்குப் புதிதும் அல்ல. மாற்றலாகி வந்த அதிகாரியிடம் “வேர் ஆர் யூ புட் அப்?” என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். அது வேறு டிராயரில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். குடை வந்தால் விரிப்பது. கூடாரம் வந்தால் அடிப்பது. வேட்பாளர் என்றால் நிறுத்துவது, வாடகை என்றால் ஏற்றுவது. இதுவரை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மேலே எழும்புகிறது. உங்கள் கோப்பும் மேலிடத்துக்குத்தானே போகிறது! ஆனால் 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் இயேசு பேதுருவிடம் வாளை ‘புட் அப்’ செய்யச் சொல்கிறார். ஓங்கச் சொல்லவில்லை. நம் தமிழ் பைபிளில் அது “உன் பட்டயத்தை உறையிலே போடு”. பழைய ஆங்கிலேய வீடுகளில் ஊறுகாயையும் இப்படித்தான் ‘புட் அப்’ செய்தார்கள். நாமும் ஊறுகாய் போடுகிறோம். எங்கே போடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. புதரில் பதுங்கிய பறவையைக் கிளப்பிவிடுவதற்கும் இதே சொல்தான். ஒரே சொல் ஒளித்தும் வைக்கிறது, வெளியேயும் துரத்துகிறது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இந்தத் துணுக்குகள்தான் அயல்மொழிக்காரருக்குப் பெரிய கஷ்டம் என்று எழுதிவிட்டார். நாம் மட்டும் யோக்கியமா? ‘சொல்லிக்கொடு’வில் கொடுப்பது நல்ல காரியம். ‘காட்டிக்கொடு’வில் அதே கொடுப்பது துரோகம். தமிழ் படிக்க வரும் அயல்நாட்டுக்காரர்கள் இங்கே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. எடின்பரோவில் விடைபெறும்போது “தேங்க்ஸ் ஃபார் புட்டிங் அஸ் அப்” என்று சொல்லுங்கள். தங்கவைத்ததற்கு நன்றி என்று ஆகும். பழக்கதோஷத்தில் நடுவே ஒரு ‘வித்’ சேர்த்து “புட்டிங் அப் வித் அஸ்” என்றீர்களானால், எங்களைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்று ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து எது பொருந்துகிறது என்று உங்கள் மனைவியைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.