ஸ்காலர்ஷிப் என்றால் பணம் நம் கைக்கு வர வேண்டும்

கேள்வி: சார், நாங்கள் தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 52,000 சம்பளம். நான் பகுதி நேரமாக ஒரு கடைக்குக் கணக்கு எழுதி 14,000 சம்பாதிக்கிறேன். எல்லாச் செலவும் போக மாதம் 6,000 மிஞ்சும். வங்கியில் 90,000 எஃப்டி இருக்கிறது. செல்வமகள் கணக்கில் மாதம் 2,000 கட்டிவருகிறோம். ஒரே மகள், மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கணக்கு என்றால் உயிர். மார்கழியில் நான் ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிவிட்டு, "அம்மா, 25 புள்ளி. மூணு மூணு ஒம்போது, நாலு நாலு பதினாறு, கூட்டினா 25. ஒம்போது புள்ளிக் கோலத்துக்கும் இப்படியே வரும்" என்றாள். இவள் மீத்திறன் உள்ள குழந்தை, வேறு எங்காவது சேர்த்துவிடுங்கள் என்று பள்ளி ஆசிரியை சொல்கிறார். ஒரு கோச்சிங் சென்டரில் தேர்வு எழுதவைத்தோம். 40% ஸ்காலர்ஷிப் கிடைத்தது. மூன்று வருட ஃபவுண்டேஷன் கோர்ஸ் 3 லட்சம், எங்களுக்கு 1,80,000. மாதம் 7,500 வீதம் 24 மாதம், வட்டியில்லா இஎம்ஐ என்கிறார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டோம். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்காலர்ஷிப் போய்விடுமாம். கூடவே 3,500 ரூபாய்க்கு விரல் ரேகை பார்த்து அறிவுத்திறன் சொல்லும் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். செல்வமகளை நிறுத்திவிட்டு இதில் சேர்க்கலாமா, அல்லது என் சங்கிலியை அடகு வைக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கோலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மளிகை பில்லின் பின்பக்கத்தில் நானும் புள்ளி வைத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக 1, 3, 5, 7 வரை கூட்டினால் 16. மீதி 5, 3, 1 கூட்டினால் 9. ஒன்பது புள்ளிக்கு 25-உம் 16-உம் சேர்ந்து 41. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பதினோரு வயதில் ஒரு கோலத்தை எண்ணி முடித்ததோடு நிற்காமல், அடுத்த கோலத்துக்கும் இது பொருந்தும் என்று சொன்னாளே, ஆசிரியை பார்த்தது அதைத்தான். அந்த அம்மா சொன்னதில் தவறில்லை. "வேறு எங்காவது" என்பதை நீங்கள் கோச்சிங் சென்டர் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது ஸ்காலர்ஷிப் இல்லை, தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில் விலைப்பட்டியலை ஏற்றி எழுதிவிட்டு அடித்துக் காட்டுவார்களே, அந்த வகை. நிஜமான ஸ்காலர்ஷிப் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பணம் அவர் கைக்கு வந்தது. உங்கள் விஷயத்தில் உங்கள் கையிலிருந்து 1,80,000 போகிறது. அதில் ஏறத்தாழ 27,500 ரூபாய் 18% ஜிஎஸ்டி. பள்ளிக் கட்டணத்துக்குப் பழைய வரி முறையில் வரிச்சலுகை உண்டு, கோச்சிங் கட்டணத்துக்கு அதுவும் கிடையாது.

அடுத்து அந்த இஎம்ஐ. மாதம் மிஞ்சுவதே 6,000, தவணை 7,500. அதனால்தான் செல்வமகள் மேல் கண் போகிறது. ஆனால் தொகையைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பத்திரம். பெரும்பாலும் அது சென்டரோடு போடும் ஒப்பந்தமாக இருக்காது, ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் கணவர் வாங்கும் கடனாக இருக்கும். நிறுவனம் மொத்தப் பணத்தையும் சென்டருக்குக் கட்டிவிடும். நாலாவது மாதம் பாப்பாவுக்குப் பிடிக்காமல் நின்றுவிட்டாலும், சென்டரே பூட்டிக்கொண்டு போனாலும் தவணை நிற்காது. இரண்டு தவணை தவறினால் கணவரின் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கடன் என்றால் வருடாந்திர வட்டி விகிதம் உட்பட எல்லாச் செலவையும் காட்டும் முக்கிய விவரப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேளுங்கள். குறைப்பதாகச் சொன்னால், அந்த வித்தியாசம்தான் வட்டி.

இன்னொன்று. 16 வயதுக்குட்பட்டவர்களைக் கோச்சிங் சென்டர்கள் சேர்க்கக் கூடாது, முழுப் பணம் கட்டியவர் இடையில் நின்றால் மீதி நாட்களுக்கான கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டிய வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. ஆனாலும் உங்கள் 5,000-ஐத் திரும்பக் கேட்டு எழுதும்போது மேற்கோள் காட்ட உதவும்.

விரல் ரேகை டெஸ்ட்டுக்கு 3,500 கொடுப்பதற்குக் குடும்பத்தோடு வைத்தீஸ்வரன் கோயில் போய் வரலாம். அங்கேயும் நாடி ஜோதிடத்துக்குக் கட்டைவிரல் ரேகைதான் வாங்குவார்கள், பிரகாரமாவது சுற்றி வரலாம். விளையாட்டை விடுங்கள், இந்த ரேகை டெஸ்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது.

உபதேசம் மட்டும் செய்கிறவனாக என்னை நினைக்க வேண்டாம். என் மகனுக்கு ஏழு வயதில் மணிச்சட்டம் (அபாகஸ்) கற்றுத்தரும் வகுப்புக்கு நாலு நிலைக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டினேன். மொத்தமாகக் கட்டினால் ஒரு பை இலவசம் என்றார்கள். இரண்டாவது நிலையோடு மையம் மூடப்பட்டது. அந்தப் பையில் இப்போது பரணில் பழைய சார்ஜர்கள் இருக்கின்றன.

சரி, பாப்பாவுக்கு என்ன செய்யலாம்? கணக்குப் பிடித்த குழந்தைக்குச் சென்னையைப் போல் ஊர் அமைவது அபூர்வம். அதில் பாதி இலவசம்.

வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் இருக்கிறது. பி.கே.சீனிவாசன் என்ற கணித ஆசிரியரின் உழைப்பில் 1993-இல் உருவானது. சின்ன இடம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கடிதங்களின் நகல்களையும் படங்களையும் அவசரப்படாமல் பார்க்கவிடுங்கள். துறைமுகக் குமாஸ்தா நம்ம ஏரியாக்காரர்தான் என்று தெரிந்தால் இந்த வயதில் ஒரு குஷி வரும்.

அப்புறம், திருவல்லிக்கேணியில் அலுவலகம் வைத்திருக்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம். 1965-இல் தொடங்கியது. அவர்கள் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் 5, 6 வகுப்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. 7, 8 வகுப்புப் பிரிவுக்குக் கணித அறிஞர் கப்ரேகரின் பெயர். அவரும் ஒரு பள்ளி வாத்தியார்தான். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பொதுவாகப் பள்ளி வழியாகப் பதிவு செய்வார்கள், ஆகவே ஜூன் மாதமே அந்த ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள். பழைய வினாத்தாள்களை வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டுவதுதான் இவளுக்குத் தேவையான பயிற்சி. ஃபவுண்டேஷன் வகுப்புகள் பலவற்றில் நடப்பது வேறு, எட்டாம் வகுப்புப் பாடத்தை ஆறிலேயே நடத்திவிடுவார்கள். இவள் அதை எப்படியும் தானாகப் படித்துவிடுவாள்.

எட்டாம் வகுப்பு வந்ததும் ஐஓக்யூஎம் என்ற ஒலிம்பியாட் தகுதித் தேர்வை எழுதலாம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்குப் போகும் பாதையின் முதல் படி அது. பெண்களுக்கென்றே ஐரோப்பிய பெண்கள் கணித ஒலிம்பியாட் நடக்கிறது, அதற்கும் இந்தியா அணி அனுப்புகிறது. ஒன்று கவனம்: பள்ளிகளில் சுற்றறிக்கையாக வரும் பல "ஒலிம்பியாட்"கள் தனியார் தேர்வுகள். எழுதினால் பாதகமில்லை, மெடலும் வரும். இந்தப் பாதையில் அவை சேராது.

ஐஐடி மெட்ராஸின் பிரவர்த்தக் அமைப்பு கணிதம் வழியாக மாற்றி யோசிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பை இலவசமாக நடத்துகிறது, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் பொதுமக்களுக்காக அறிவியல் உரைகள் நடத்தும், அனுமதி இலவசம். பாதி புரியாது, எனக்கும் புரியவில்லை. பரவாயில்லை, கேள்வி கேட்பவர்களைப் பார்க்கட்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். ஞாயிறு காலை போய், பிர்லா கோளரங்கத்தையும் பார்த்துவிட்டு வந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான். வீட்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழை வரவழையுங்கள்.

காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஓர் ஆளுக்குக் கொடுங்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் யாராவது வாரம் இரண்டு மணி நேரம் இவளோடு உட்கார்ந்து, விடையைச் சொல்லாமல் "ஏன்?" என்று மட்டும் கேட்டால் போதும். ஆசிரியையிடமே விசாரியுங்கள், அவருக்குப் பாடம் எடுத்தவரே பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

இனி அந்த 6,000. பாப்பாவின் கணக்குச் செலவுக்கு மாதம் 1,500 என்று தனியாக ஒதுக்குங்கள். ஆசிரியர், புத்தகம், போட்டிக் கட்டணம், பஸ், ரயில் எல்லாம் இதற்குள். 2,000 ரூபாயை எஃப்டியோடு சேருங்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு 90,000 என்பது ஒன்றரை மாதம்தான் தாங்கும், ஆறு மாதத்துக்காவது இருக்க வேண்டும். மீதி 2,500-ஐ அஞ்சலகத்தில் ஐந்து வருட ஆர்டியாகப் போடுங்கள். இப்போதைய 6.7% வட்டியில் முடிவில் ஏறத்தாழ 1,78,000 வரும். சென்டர் கேட்கும் தொகை கிட்டத்தட்ட அப்படியே உங்கள் கையில் இருக்கும், அப்போது பாப்பா பிளஸ் ஒன் முடித்திருப்பாள். என்ன படிக்க வேண்டும் என்று அவளே சொல்லும் வயது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத ஆசைப்படலாம், அல்லது கணக்கே வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அந்தப் பணம் உதவும்.

செல்வமகளைத் தொடவே தொடாதீர்கள். 8.2% வட்டி, வரி கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்தபின் அல்லது 18 வயதில், முந்தைய நிதியாண்டு இருப்பில் 50% வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். சங்கிலி கழுத்தில் இருக்கட்டும். நகைக்கடன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நாளுக்கு.

இதே நிலையில் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் பிள்ளை படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருந்தால் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதவையுங்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000, பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வரும்.

அந்த 5,000-ஐ வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். ரசீதின் படத்தை இணையுங்கள், சேரவில்லை என்பதைத் தேதியோடு எழுதுங்கள். கணவர் ஆதார், பான் நகலைக் கொடுத்திருந்தால் கடன் விண்ணப்பத்தை ரத்து செய்யச் சொல்லி அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேருங்கள். ஒரு மாதம் கழித்து அவர் பெயரில் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அது இலவசம்.