ஹர்லிங் பையன்கள் – கடிதம்

வணக்கம் சார்,

அயர்லாந்தில், டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஹர்லிங் என்று மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஆட்டம் ஒன்று இங்கே உண்டு. கூட வேலை செய்யும் ஆஃபலி கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒருவர் 2022 மைனர், அதாவது இளையோர், ஹர்லிங் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களை யூடியூபில் போட்டுக் காட்டினார். டிப்பரரி 1-17, ஆஃபலி 1-16. எனக்கு அந்தக் கணக்கே புரியவில்லை. பதினேழு வயதுப் பையன்கள் ஆடிய ஆட்டத்துக்காக ஒரு பெரிய மனிதர் இன்னமும் புலம்புகிறாரே, அதுவும் புரியவில்லை. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம்கூட இல்லையாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு எளிதுதான். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே பறந்தால் 1 புள்ளி. ஸ்கோரில் முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. ஆக டிப்பரரி 20, ஆஃபலி 19. டிப்பரரியின் அந்த ஒரே கோல் விழுந்தது ஆட்டம் முடியப்போகும் நேரத்தில். அதுவரை ஆஃபலிதான் 2 புள்ளி முன்னால் இருந்தது. 1989-க்கு அப்புறம் கைக்கு வரவே வராத கோப்பை சார் அது. புலம்பாமல் என்ன செய்வார்? 2024-இல் 20 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தில் அதே டிப்பரரியை ஆஃபலி தோற்கடித்தது. அதையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சம்பளம் சீனியர்களுக்கும் கிடையாது. பெரிய இறுதியாட்டத்துக்கு டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் கூடுவார்கள். ஆடுகிறவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போவார்கள். ஆளை விலைக்கு வாங்கும் வழக்கமும் இல்லை. சொந்த ஊர் கிளப்புக்கும் சொந்தக் கவுண்டிக்கும்தான் பெரும்பாலும் ஆடுவார்கள். அதனால்தான் மைனர் அணிப் பையன்களை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும். கால்வே கவுண்டியின் ஆட்டக்காரர் ஜோ கேனிங் 2004, 2005 இரண்டு வருடமும் மைனர் கோப்பையை வென்றவர். சீனியர் கோப்பைக்கு 2017 வரை காத்திருந்தார். அன்றைக்கே கால்வே மைனர் அணியும் ஜெயித்தது.

1928-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் 2017 வரை வயது வரம்பு 18. மறுவருடம் 17 ஆக்கினார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். அங்கே பதினெட்டு வயது என்றால் பலருக்கும் லீவிங் சர்ட் பரீட்சை, நம் பிளஸ் டூ மாதிரி. அந்தப் பக்கம் கிளப்பின் பெரியவர் அணியும் இழுக்கும். ஒரே பையன் எத்தனை அணிக்குத்தான் ஓடுவான்?

எனக்கு உடன்பாடில்லாத விஷயம் வேறு. முன்பெல்லாம் சீனியர் இறுதியாட்டத்துக்கு முன்னால், அதே நாளில், அதே குரோக் பார்க்கில் மைனர் இறுதியாட்டம் நடக்கும். இப்போது தனியாக, வேறு ஊரில். 2022-இல் நடந்தது கில்கென்னி நோலன் பார்க்கில். வந்த கூட்டம் முழுக்கப் பையன்களுக்காகவே வந்தது என்பார்கள், உண்மைதான். ஆனால் மைனர் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் சீனியர் இறுதியாட்டம் வரை போகப்போவதில்லை. குரோக் பார்க் புல்லில் கால்வைக்க அவர்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதை எடுத்திருக்க வேண்டாம்.