சோஷியல் ஆங்ஸைட்டிக்கு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடலாமா? அடிக்‌ஷன் ஆயிடுமா?

நீங்க எழுதினத வச்சு பாத்தா சோஷியல் ஆங்ஸைட்டிக்கு, அதாவது நாலு பேர் பாக்கறாங்கன்னாலே வர்ற பயத்துக்கு, ஒன்றரை வருஷமா பேருக்கு பின்னாடி 'ப்ளஸ்'னு இருக்கற ஒரு மாத்திரை சாப்பிடுறீங்க, வீட்டுல நிறுத்து நிறுத்துன்னு நச்சரிக்கிறாங்க, பொண்ணு வேற பாத்துட்டு இருக்காங்க. நானும் சேலம்தாங்க, செவ்வாய்பேட்டைல கொலுசு பட்டறை, எட்டு ஒம்பது வருஷமா மாத்திரைல இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால டோஸ் கணக்கெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

எத்தனை வருஷம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த மாத்திரைன்னு பாருங்க. ஸ்ட்ரிப்ப திருப்பி பின்னாடி இருக்கற பொடி எழுத்த படிங்க. அந்த ப்ளஸ்ல அனேகமா ரெண்டு மருந்து இருக்கும், ஒன்னு எஸ்சிட்டலோப்ராம், இன்னொன்னு க்ளோனாசெபாம். ஒரே மாத்திரைக்குள்ள இருக்கறதால நாம ரெண்டையும் ஒன்னாவே நெனச்சுக்கறோம், உங்க கேள்விக்கு பதிலே அங்கதான் ரெண்டா பிரியுது.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸிடின் இதெல்லாம் எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் தினமும் சாப்பிடற மருந்து. போட்ட உடனே ஒன்னும் தெரியாது, நாலு வாரம் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு 12 வாரம் கூட இழுக்கும். இதுல நாளாக நாளாக டோஸ ஏத்திட்டே போகணும், இல்லன்னா வெறி புடிச்ச மாதிரி தேடும்ங்கற கதையெல்லாம் இல்ல. வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஆனா க்ளோனாசெபாம், அல்ப்ராசோலாம் எல்லாம் பென்சோ (பென்சோடயசெபைன்) வகை, அரை மணி ஒரு மணி நேரத்துல பதட்டம் அப்படியே அமுங்கிடும், அதுதான் அதோட வசதி, வில்லங்கமும் அதுதான். உடம்பு பழகிடும், பழைய டோஸ் பத்தாம போகும், ரொம்ப நாள் சாப்பிட்டுட்டு திடீர்னு விட்டா வலிப்பு வரைக்கும் போகலாம். பிரிட்டன்ல இருக்கற நைஸ்ங்கற மருத்துவ அமைப்போட வழிகாட்டுதல்ல சோஷியல் ஆங்ஸைட்டிக்கு பென்சோவ வழக்கமா குடுக்கவே வேணாம்னு போட்டிருக்கு. நம்ம ஊர்லயும் அல்ப்ராசோலாம் ஷெட்யூல் எச்1 லிஸ்ட்ல இருக்கு, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, யாருக்கு குடுத்தாங்கன்னு மெடிக்கல்ஷாப்காரங்க தனி ரெஜிஸ்டர்ல எழுதி வைக்கணும்.

எனக்கு முதல்ல பாத்த டாக்டர் இந்த ப்ளஸ்தான் எழுதினாரு, உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல, ரெண்டு நிமிஷத்துல சீட்ட கிழிச்சு குடுத்து அனுப்பிட்டாரு, அது பாட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிருச்சு. அடுத்து பாத்த லேடி டாக்டர்தான் ரெண்டையும் தனித்தனி மாத்திரையா பிரிச்சு, க்ளோனாசெபாம மட்டும் மாசக்கணக்குல கால் கால் மாத்திரையா குறைச்சு நிறுத்துனாங்க. தூக்கம் கொஞ்ச நாள் கெட்டுச்சு, எரிச்சல் வந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. எஸ்சிட்டலோப்ராம் இன்னும் போயிட்டு இருக்கு. அதனால நீங்க போய் கேக்க வேண்டிய முதல் கேள்வி "நிறுத்தலாமா"ன்னு இல்ல, "எனக்கு இதுல ரெண்டாவது மருந்து இன்னும் வேணுமா"ங்கறதுதான்.

மாத்திரை என்னதான் பண்ணுச்சுன்னு கேட்டீங்க. எனக்கு இருந்தது நாலு பேர் பாக்கும்போது எழுத முடியாது, பேங்க் கவுண்டர்ல கையெழுத்து போட முடியாது, பந்தில உக்காந்து சாப்பிட முடியாது. அம்மாபேட்டைல ஒரு மண்டபத்துல சொந்தக்கார கல்யாணம், மாமா மொய் நோட்ட தூக்கி கைல குடுத்துட்டு "மாப்ள நீ உக்காருடா"ன்னுட்டு போயிட்டாரு. பழைய ஆளா இருந்தா வண்டி நிறுத்துற எடத்துக்கு போய் நின்னுருப்பேன். அன்னிக்கு கை நடுங்குச்சு, இல்லன்னு சொல்லல, முதல் ஏழெட்டு பேரு கோழி கிண்டுன மாதிரிதான் இருந்துச்சு, காது சூடாகுது, ஆனா எந்திரிச்சு ஓடணும்ங்கற அந்த தள்ளல் மட்டும் இல்ல. எழுத எழுததான் கவனிச்சேன், ஒருத்தரும் என் கைய பாக்கல. குனிஞ்சு குனிஞ்சு நோட்டுக்குள்ள பாத்தாங்களே தவிர, 501ஐ 500னு போட்டுட்டேனான்னுதான் பாத்தாங்க. மாத்திரை அவ்ளோதான் பண்ணும், அந்த நாற்காலில உக்கார வைக்கும். சிபிடின்னு பேசிப் பேசி பயிற்சி குடுக்கற ஒரு தெரபி இருக்கு, அதுல கவனத்த உங்க மேலருந்து எடுத்து வெளிய வைங்கன்னு சொல்லித் தருவாங்க, அந்த பயிற்சி இல்லாம மாத்திரைய மட்டும் சாப்பிட்டு நிறுத்துனவங்களுக்கு மறுபடி வர்ற வாய்ப்பு அதிகம். தெரபிக்கு ஆள் கிடைக்கறது கொஞ்சம் அலைச்சல்தான், ஜிஹெச் மனநல ஓபில கேட்டு பாருங்க, இல்லன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், 2022லேர்ந்து இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். (போன் பேசவே பயப்படுறவனுக்கு போன் நம்பரான்னு நீங்க கேக்கறது காதுல விழுது.)

சைடு எஃபெக்ட் பத்தி பூசி மொழுக விரும்பல. ஆரம்பத்துல குமட்டல், அந்த வாரம் பாத்து ஏற்காடு பஸ்ல போக வேண்டியதா போச்சு, 20 கொண்டை ஊசி வளைவு, கண்டக்டர் கேரி பேக் குடுத்து உக்கார வச்சாரு. அது ரெண்டு வாரத்துல போயிடுச்சு. போகாதது வேர்வை, எல்லார் முன்னாடியும் வேர்க்குதேன்னு பயந்து மாத்திரைக்கு போனா மாத்திரையே வேர்க்க வைக்குது, என்னத்த சொல்ல. செக்ஸ் விஷயத்துல ஆசை குறையறது, லேட் ஆகறது இருக்கும், நெறைய பேர் இத டாக்டர்கிட்ட சொல்லாமலே மாத்திரைய நிறுத்திடுறாங்க, சொன்னா டோஸோ மருந்தோ மாத்துவாங்க. சிலருக்கு சந்தோஷம் துக்கம் ரெண்டுமே மழுங்கின மாதிரி ஆகும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ப்ரூஃபென் இதெல்லாம் இதோட அடிக்கடி சேத்தா வயித்துல ரத்தக்கசிவு ரிஸ்க் கூடும், வயசானவங்களுக்கு சோடியம் குறையலாம். க்ளோனாசெபாம் இருக்கற வரைக்கும் சரக்கு பக்கமே போகாதீங்க.

நிறுத்தறது பத்தி. எஸ்எஸ்ஆர்ஐ அடிக்‌ஷன் இல்லங்கறதால அப்படியே விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. ஒரு தடவ கடைல ஸ்டாக் வரல, மூணு நாள் கேப் விழுந்துச்சு, தலைய திருப்புனா மண்டைக்குள்ள சுரீர்னு கரண்ட் ஓடுற மாதிரி, தலைசுத்தல், கண்ட கண்ட கனவு. வீட்டுல உடனே "பாத்தியா வியாதி திரும்பிடுச்சு"ன்னாங்க. அது வியாதி இல்ல. விட்ட சில நாள்லயே, அதுவும் தலைசுத்தல் ஷாக்கோட வந்தா அது பெரும்பாலும் மருந்து விட்டதால வர்றது, பழைய பயம் திரும்பறதுன்னா வாரக்கணக்குல மெதுவா வரும், அதுல கரண்ட் ஷாக் வராது. பராக்ஸிடின்ல இந்த தொல்லை ஜாஸ்தி, ஃப்ளூவாக்ஸிடின்ல கம்மி, ஏன்னா அது உடம்பவிட்டு போகவே வாரக்கணக்கு ஆகும். இன்னொன்னு, 10 மில்லிகிராம்லேர்ந்து 5க்கு வர்றது சுலபம், 5லேர்ந்து சைபருக்கு வர்றதுதான் கஷ்டம், சின்ன டோஸே மூளைல பெரும்பங்கு வேலைய பாத்துடுது. அதனால கடைசி கட்டத்துலதான் இன்னும் மெதுவா இறங்கணும்.

பொதுவா நல்லா ஆனதுக்கு அப்புறம் குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ந்துட்டு அப்புறம் குறைச்சு பாப்பாங்க. ஒன்றரை வருஷம்னா நீங்க அந்தப் பேச்ச எடுக்கலாம். ஆனா பொண்ணு பாக்குற நேரத்துல, வாரத்துக்கு ஒரு வீட்டுல புது ஆளுங்க முன்னாடி போய் உக்கார வேண்டிய நேரத்துல எஸ்சிட்டலோப்ராம குறைக்காதீங்க, அது என் அபிப்ராயம். நானே தீபாவளி ஆர்டர் சீசன்ல தொட மாட்டேன், தை பொறக்கட்டும்னு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

பொண்ணு வீட்டுல சொல்லணுமான்னா, வீட்டுக்கு வேணாம், பொண்ணுகிட்ட சொல்லுங்க, நிச்சயத்துக்கு முன்னாடி. நான் சொன்னேன். "பைத்தியத்துக்கு குடுக்கறதா"ன்னு கேக்கல, மாசம் எவ்ளோ ஆகுதுன்னுதான் கேட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் அவதான் மருந்து பேர எழுதிட்டு போய் மக்கள் மருந்தகத்துல கம்மி விலைல கிடைக்குதான்னு விசாரிச்சா. நீங்களும் ப்ராண்ட் பேர சொல்லாம உள்ள இருக்கற மருந்து பேர சொல்லி கேளுங்க, மாசா மாசம் வாங்கறதுக்கு நல்லாவே மிச்சம் ஆகும்.